2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை: நிரலகப் பொதிகளின் பராமரிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து நாகர்கோவில் வந்து கூடியிருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது லினக்ஸ் பயனர் சங்கத்தின் 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பணிகள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் பணிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அதிலும் பெரும்பகுதியை டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் நாம் பராமரித்துவரும் நிரலகப் பொதிகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இவ்வாண்டு நம் கையால் நேர்ந்த பிழையும், அதைத் திருத்த நாம் பட்ட பாடும், இன்று உங்கள் முடிவுக்கு வைக்கும் தீர்மானமும் அதிலேயே அடங்கியிருக்கின்றன.

வழக்கமான பணிகள் குறைவின்றி நடந்தன. வடசேரியில் நம் உறுப்பினர் ஒருவர் வாடகையின்றித் தந்திருக்கும் மாடி அறையில் மாதக் கூட்டங்கள் தவறாமல் கூடின. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவித் தரும் முகாம்களை நடத்தினோம். ஆடி மாதக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வந்ததால், பொதிகளைக் கட்டமைக்கும் நம் பழைய கணினிக்கு யுபிஎஸ் மின்கலம் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

புதிய உறுப்பினர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். கணினியில் நிறுவத்தக்கவாறு கட்டிவைத்த மென்பொருள் தொகுப்பே பொதி. லைப்ரரி என்று நாம் பேச்சில் சொல்லும் நிரலகத்தைப் பயனர் யாரும் நேரடியாகத் திறந்து பார்ப்பதில்லை. பல செயலிகள் தமக்குள் பொதுவாக அழைத்துக்கொள்ளும் வேலைகள் அதில் இருக்கின்றன. ‘கொ’ என்று தட்டினால் ககரத்தின் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் வந்து நிற்பதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் காரணம். லிபரே ஆஃபிஸும் க்னோம் மேசைத்தளமும் தமிழை ஒழுங்காகக் காட்டுவது அதை நம்பித்தான். எனவே ஒரு செயலி பழுதானால் அந்த ஒன்று மட்டுமே நிற்கும், நிரலகம் பழுதானால் அதைச் சார்ந்த அனைத்தும் நிற்கும். 2025 ஆகஸ்டு 9 அன்று வெளியான டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸி, மொத்தம் 69,830 பொதிகளைக் கொண்டது. 14,100க்கும் மேற்பட்டவை அதில் புதியவை, 8,840க்கும் மேற்பட்ட பழைய பொதிகள் நீக்கப்பட்டிருக்கின்றன. இப்பொதிகளைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல் வேலை முடித்து வந்து இரவில் உட்காரும் தன்னார்வலர்களே.

நாம் பொறுப்பேற்றிருப்பவற்றில் முதன்மையானது, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கங்களில் தட்டச்சிட்ட கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரலகம். டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று எத்தனை முறைகள் இருந்தன என்பது அச்சகங்களில் பணிபுரிந்த உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரியும். கோயில் மலர்களும் தேவாலய நூற்றாண்டு மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் அந்தக் கோப்புகளிலேயே இன்னமும் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை மீட்க இந்த நிரலகம் வேண்டியிருக்கிறது. பழைய முறைகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன: கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். யூனிகோடிலோ மெய்யெழுத்து முதலில் நிற்க வேண்டும், உயிர்க்குறி அதன்பின் வர வேண்டும். இந்த இடமாற்றத்தில் ஒரு குறி தவறினாலும் சொல்லே சிதைந்துவிடும்.

சென்ற ஆண்டின் இறுதியில் வந்த ஒரு வழு அறிக்கையை இங்கே சொல்லத்தான் வேண்டும். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் பின்குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவந்தான்; ‘கௌரவம்’ என்பதன் ‘கௌ’வையும் ‘கெளிறு’ என்னும் மீன் பெயரின் முதல் பகுதியையும் சேமித்த எழுத்துகளை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் மலரை மாற்றியபோது, மீன்களின் பட்டியலில் இருந்த ‘கெளிறு’ ககரத்தின் மேல் ஔகாரமும் இகரமும் ஒருசேர ஏறிய அலங்கோலமாக வந்தது. தோவாளையைச் சேர்ந்த நம் கல்லூரி மாணவி இதற்கு எளிய விதி ஒன்றைக் கண்டார்: ளகர வடிவத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை எழுத்தாகக் கொள்ள வேண்டும், வராவிட்டால் ஔகாரக் குறியாகக் கொள்ள வேண்டும். ‘வௌவால்’, ‘சௌகரியம்’, ‘கெளிறு’ ஆகிய சொற்களை வைத்து அவர் எழுதிய சோதனைகள், பொதி ஒவ்வொரு முறை மாறும்போதும் டெபியனின் கணினிகளில் தாமாகவே ஓடும்படி இப்போது இணைக்கப்பட்டிருக்கின்றன. இவ்வாண்டு நம் சங்கம் செய்தவற்றுள் நான் மிகவும் பெருமையுடன் குறிப்பிட விரும்புவது இதுவே.

இனி நம் பிழைக்கு வருகிறேன். இந்நிரலகத்தை எழுதிவரும் மூல ஆசிரியர் புதிய பதிப்பை வெளியிட்டவுடன், ஜனவரியில் அதைப் பொதியாக்கி, டெபியனில் புதியவை முதலில் சேரும் அன்ஸ்டேபிள் கிளையில் ஏற்றினோம். நிரலகம் பிழையின்றிக் கட்டமைந்தது. பொதிகளில் பிழை தேடும் லின்டியன் கருவி எந்தக் குறையும் சொல்லவில்லை. நிரலகம் வெளியே தரும் செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியலும் பழையபடியே ஒத்துப்போனது. நடுத்தர அவசரத்துடன் ஏற்றப்படும் பொதி, தடையேதும் இல்லையென்றால், 5 நாளில், அடுத்த வெளியீட்டுக்கு ஆயத்தமாகும் டெஸ்டிங் கிளைக்குப் போய்விடும், அப்படியே போயிற்று. அடுத்த வாரம் தக்கலை அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. மெய்ப்புப் பார்ப்பதற்கு நம் உறுப்பினர் எழுதிக் கொடுத்திருந்த செயலி ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது என்றார் உரிமையாளர். “தம்பி, நேத்து வரைக்கும் ஓடின சாதனம், நான் ஒண்ணையும் தொடல்லியே” என்று அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தொட்டது நாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. நிரலகமும் செயலியும் தமக்குள் தகவலைக் கைமாற்றிக்கொள்ளும் தரவுக் கட்டமைப்பில் புதிய பதிப்பு இரண்டு புலங்களைக் கூடுதலாகச் சேர்த்திருந்தது. 32 பைட்டாக இருந்தது 48 பைட்டாகியிருந்தது. அந்த அளவைச் சொல்லும் பழைய தலைப்புக் கோப்பை வைத்துத் தொகுக்கப்பட்ட செயலி 32 பைட்டுக்கே இடம் ஒதுக்க, நிரலகம் 48 பைட்டு எழுதிப் பக்கத்து நினைவகத்தை அழித்துவிட்டது. செயற்கூறுகளின் பெயர்கள் மாறாததால் பெயர்ப்பட்டியல் சோதனைக்கு இது அகப்படவே இல்லை. அபிடிஃப் என்ற கருவியில் பழைய நிரலகத்தையும் புதியதையும் வழுநீக்கத் தகவல்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகே அளவு மாறிய செய்தி தெரிந்தது. இத்தகைய மாற்றம் நேரும்போது சோநேம் எனப்படும் அடையாளப் பெயரில் உள்ள எண்ணை மூல ஆசிரியர் உயர்த்த வேண்டும்; டெபியனில் பொதியின் பெயரும் அதனோடு மாற வேண்டும்; சார்ந்திருக்கும் பொதிகள் எல்லாம் மறுபடி தொகுக்கப்பட வேண்டும். அவர் உயர்த்தவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஏற்றுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியது பராமரிப்பாளர்களாகிய நம் கடமை. பொறுப்பை வேறெவர் மீதும் சுமத்த நான் விரும்பவில்லை.

வழுவை நாமே பதிவு செய்து, பழைய மூலநிரலையே உயர்ந்த எண்ணுடன் மீண்டும் ஏற்றினோம். டெபியனில் பதிப்பு எண் பின்னோக்கிப் போக முடியாது என்பதால் புதிய எண்ணை எழுதி, ‘உண்மையில் பழையது’ என்று பொருள்படும் பின்னொட்டை அதனோடு சேர்ப்பார்கள். 2024 மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் இரகசியப் பின்வாசல் இருப்பதை மென்பொருளாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளிப்படுத்தியபோது, டெபியன் 5.4.5க்குத் திரும்பிய வழியும் இதுவே. தொலைவிலுள்ள கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதை ஐயுற்று அவர் தோண்டிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. பல ஆண்டுகளாக ஒருவரே தனியாகச் சுமந்துவந்த அந்த நிரலகத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவி செய்து, நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, அதன்பிறகே அந்த நஞ்சைக் கலந்தார். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. இதை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தீர்மானத்தைச் சொல்லும்போது மறுபடி அதற்கு வருவேன்.

ட்ரிக்ஸி வெளியீட்டுக்காக மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்தும் உறைநிலை மார்ச் 15 அன்று தொடங்கிவிட்டது. அன்று முதல் சோநேம் மாற்றங்களுக்கு இடமில்லை. ஏப்ரல் 15இல் அடுத்த கட்டம், மே 15இல் கடுமையான கட்டம், ஜூலை 27இல் முழு உறைநிலை என்று படிப்படியாக வாசல் அடைபட்டது. எனவே பழைய பதிப்பையே ட்ரிக்ஸியில் வைத்துக்கொண்டு, ஔகாரத் திருத்தத்தை மட்டும் ஒட்டாகச் சேர்த்தோம். புதிய வசதிகளை எதிர்பார்த்திருந்த சிலருக்கு வருத்தம் இருந்ததை அறிவேன். ஆனால் டெபியனின் முழு ஆதரவு மூன்று ஆண்டுகளும் அதன்பின் நீண்டகால ஆதரவும் தொடரும் ஒரு வெளியீட்டில், மாறாமல் நிற்கும் பழையதே அச்சகத்துக்கு நல்லது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். வெளியீடு முடிந்த பின், மூல ஆசிரியர் நம் வேண்டுகோளை ஏற்று எண்ணை உயர்த்தித் தந்தார். புதிய பெயருடைய பொதியை முதலில் சோதனைக்கான எக்ஸ்பெரிமென்டல் கிளையில் ஏற்றினோம். பெயர் புதியது என்பதால் அது காப்பக நிர்வாகிகளின் பரிசீலனை வரிசையில் காத்திருந்தது.

அந்தக் காத்திருப்பிலும் ஒரு பயன் கிடைத்தது. உரிமங்களை வரிவரியாகச் சரிபார்த்தபோது, ஓர் எழுத்துரு அட்டவணைக் கோப்பில் உரிமமே குறிக்கப்படாமல் ‘இலவசம்’ என்று மட்டும் எழுதியிருப்பதைக் கண்டோம். காசு வாங்காமல் கொடுப்பது வேறு, மாற்றவும் பகிரவும் அனுமதிப்பது வேறு. 1997 முதல் டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகள் கேட்பது இரண்டாவதையே. அட்டவணையை உருவாக்கிய முதியவர் நம் கடிதத்துக்கு எழுத்துப்பூர்வமாக இசைவு தந்தார். அவருக்குச் சங்கத்தின் நன்றி உரியது.

இனி தீர்மானம். இந்நிரலகத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட நம் உறுப்பினர் ஜூன் மாதம் வேலைக்காக வளைகுடா சென்றுவிட்டார். பதிவேற்றும் உரிமை, ஏற்றுபவர் யார் என்பதை உறுதிசெய்யும் அவருடைய தனிப்பட்ட மறைக்குறியீட்டுச் சாவியோடு கட்டுண்டது. அச்சாவியை இன்னொருவருக்குக் கொடுப்பது முறையன்று, அவரும் கொடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆகவே ஜூன் முதல் ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும், 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்த டெபியனின் டெப்கான்ஃப் மாநாட்டில் நமக்கு அறிமுகமான ஒரு டெபியன் உருவாக்குநரின் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்திருந்தோம். ஜனவரிப் பிழையும் தனி ஒருவர் நள்ளிரவில், இரண்டாவது கண் இல்லாமல் ஏற்றியதால் நேர்ந்ததே. அது அவருடைய குறையன்று; அவரைத் தனியாக விட்டது சங்கத்தின் குறை.

ஆதலால், சங்கம் பொறுப்பேற்கும் ஒவ்வொரு நிரலகப் பொதிக்கும் இருவர் பராமரிப்பாளராக இருக்க வேண்டும் என்றும், இருவரும் நம் மாதக் கூட்டங்களில் நேரில் பழகியவர்களாக, அடையாள ஆவணத்தைப் பார்த்து ஒருவர் சாவியில் மற்றவர் கையொப்பமிட்டவர்களாக இருக்க வேண்டும் என்றும், ஒருவர் ஆயத்தம் செய்ததை மற்றவர் அபிடிஃப் முடிவுடன் சரிபார்த்த பின்னரே ஏற்ற வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டாம் ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதை எக்ஸ்இசட் காட்டிவிட்டது. அந்த ஆள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். குழித்துறையிலிருந்தும் ஆரல்வாய்மொழியிலிருந்தும் பேருந்தேறி வந்து ஒரே மேசையில் அமரும் நம்மைப் போன்ற உள்ளூர்ச் சங்கத்துக்கு அது இயலும்.

தோவாளை மாணவியும், மார்த்தாண்டத்திலிருந்து வரும் நம் மூத்த உறுப்பினரும் யூனிகோடு மாற்ற நிரலகத்தைப் பராமரிக்க முன்வந்திருக்கிறார்கள். எஞ்சிய இரண்டு பொதிகளுக்கும் தலா ஓர் ஆள் இன்னும் தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். இவ்வறிக்கையையும் தீர்மானத்தையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
நாகர்கோவில்.