திருப்பணி நிறைவு அறிக்கை: அம்மன் கோயில் மண்டபமும் கணினி அறையும்

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எண்ணூர் முகத்துவாரக் காற்றைத் தின்று உதிர்ந்துகொண்டிருந்த நம் கோயில் மண்டபத்துக்குத் தரை, சுவர், வெள்ளையடிப்பு எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் கம்பத்தைப் பற்றித்தான். சரி, அதையே சொல்கிறோம்.

ஒலிபெருக்கிக்கும் இணைய ஆன்டெனாவுக்கும் சேர்த்து 30 அடிக் கம்பம். ஜிஐ குழாய் (துரு ஏறாமலிருக்கத் துத்தநாகம் பூசிய இரும்பு) என்று பேசி, 38,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, 25,000 முன்பணம் வாங்கினார் ஒப்பந்தக்காரர். நட்டதோ சாதா இரும்பு, மேலே சில்வர் பெயின்ட். மூன்றே மாதம். அடியில் கட்டைவிரலால் தேய்த்தால் மஞ்சள்பொடி மாதிரி கொட்டியது. “இன்னொரு கோட்டிங் அடிச்சா போதும்” என்றார். கீழே பிள்ளைகள் விளையாடும் இடம். பிடுங்கச் சொன்னோம். மீதி 13,000 தரவில்லை. ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் நாலு பேரோடு வந்து கத்தினார், அப்போதும் தரவில்லை. அவர் நம் ஊர் மாப்பிள்ளை என்பதால் சிலருக்கு வருத்தம். கம்பம் விழுந்திருந்தால் அந்த வருத்தம் யார் மேல் வந்திருக்கும்?

வேறு ஆளை வைத்து ஜிஐ கம்பம் நட 54,000 ஆனது. ஆக, கம்பத்துக்கு மட்டும் 79,000. மதிப்பீட்டைவிட 41,000 கூடுதல்.

“கோயில் பணத்தில் கம்ப்யூட்டரா?” என்று கேட்டவர்களுக்கு: புதுச்சேரி பக்கத்து நல்லவாடு குப்பத்தை நினைத்துப் பாருங்கள். 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் போட, அங்கே இருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் சொல்லித்தான் ஊரையே வெளியேற்றினார்கள். நம் அம்மனுக்குப் பாட்டுப் போடும் அதே குழாயில் விடியற்காலை அலை உயரமும் காற்றும் சொல்கிறோம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தருவதை எங்கள் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி படித்துச் சொல்கிறாள். மீன் இருக்கக்கூடிய இடமும் வருகிறது. அது செயற்கைக்கோள் கடலின் சூட்டையும் நிறத்தையும் பார்த்துச் சொல்வது. மேகம் மூடினால் வராது, 61 நாள் தடைக்காலத்திலும் வராது. அதற்காக “மெஷின் தூங்குது” என்று கிண்டல் வேண்டாம்.

நலவாரிய விண்ணப்பம், சாதிச் சான்று, பரீட்சை முடிவு எல்லாம் அறையிலேயே பார்க்கலாம். பக்கத்துக்கு 2 ரூபாய் பிரின்ட்.

வரவு: 214 தலைக்கட்டு, ஆளுக்கு 1,500, மொத்தம் 3,21,000. நன்கொடை 1,46,000. கம்ப்யூட்டர் வாங்கித் தந்த கப்பல் தம்பி, ஐஸ் கம்பெனி அண்ணன், ஏலக்கார அக்காமார்கள், வலை பின்னும் பெரியவர்கள், தன் ஒரு நாள் இறால் காசை அப்படியே கொடுத்த ஆயா, திருவொற்றியூருக்கு மருமகளாகப் போனவர்கள், பெயர் போட வேண்டாம் என்று சண்டை போட்ட ஒருவர்… மற்றவர்கள் பெயரெல்லாம் கல்வெட்டில் உள்ளன. விட்டுப்போனவர்கள் திட்டாமல் வந்து சொல்லுங்கள்.

செலவு 4,98,500. துண்டு விழுந்த 31,500-ஐப் பொருளாளர் கைக்காசு போட்டார். அவருடைய வீட்டில் இன்னும் தெரியாது. அடுத்த ஊர்வரி வசூலில் முதலில் அவருக்குத்தான்.

நோட்டும் பில்லும் அறை மேசையில் இருக்கின்றன. பழைய கம்பம் கோயிலுக்குப் பின்னால் கிடக்கிறது. சந்தேகப்படுபவர்கள் போய்த் தேய்த்துப் பாருங்கள், கை கழுவப் பக்கத்திலேயே குழாய் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு