அண்ணே, ஆகஸ்ட்ல லான்ஜெவானுக்கு மறுபடி போறோம்

அண்ணே,

நேத்து நீ அம்மாவுக்கு வருச திதி குடுத்தத வீடியோ கால்ல முழுசா பாத்தேன். நடுவுல ஃபோன யார் கையிலயோ குடுத்துட்ட, அவங்க வாய்க்கா பக்கம் திருப்பிட்டாங்க. காஞ்சு கெடந்துச்சு. அந்த காஞ்ச வாய்க்காலையே கால் மணி நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், பின்னாடி மந்திரம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் நீ வந்து சாப்டியான்னு கேட்ட, புள்ளைங்கள கேட்ட, வச்சிடறேன்னு சொல்லிட்ட.

வாட்ஸப்புல எழுதினா ரெண்டு நீல டிக்கோட நின்னு போயிடும், ஒரு வருசமா பாத்தாச்சு. அதான் இங்க எழுதறேன். சொந்தக்காரங்களும் படிப்பாங்கன்னு தெரியும். அதனால சிலத தொடாமலே போவேன், உனக்கு புரியும். உன் கல்யாணத்துக்கு முன்னாடி, என் கல்யாணத்துக்கு முன்னாடி நடந்த பேச்செல்லாம் இங்க வேணாம்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் ரெண்டாவது வாரம், ஒரு செவ்வாக்கிழம, இங்க ரெயூனியன் தீவோட தெக்குப் பக்கம் இருக்கற லான்ஜெவான் ஆத்துக்கு எல்லாருமா போறோம். இந்த தடவ க்ராண்ட் காலே அருவி வரைக்கும். உன் மாப்ளகிட்ட சொல்லிட்டேன், அவரு ஒண்ணும் பேசல, போய் பெரிய மர்மித்த எறக்கி தேய்க்க ஆரம்பிச்சிட்டாரு. 2017 பிப்ரவரில நீயும் அம்மாவும் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் அந்த சட்டி பரண விட்டு எறங்கவே இல்ல.

அன்னைக்கு நீ கேட்டது எனக்கு மறக்கல. சேந்தாந்த்ரேலேர்ந்து இருபது இருபத்தஞ்சு நிமிசத்துல சலாஸி ரோட்டுலயே வுவால் த லா மரியே அருவி இருக்கு, கார விட்டு எறங்கினாலே பாக்கலாம், முட்டி வலியோட இருக்கற அம்மாவ எதுக்கு தீவோட அந்தக் கோடிக்கு இழுத்துட்டுப் போறேன்னு கேட்ட. நியாயமான கேள்விதான். நான் அப்ப சொன்ன பதில் பொய். அங்க தண்ணி நல்லா இருக்கும்னு சொன்னேன். உண்மை என்னன்னா, என் மாமியா வீட்டு ஜனம் மொத்தமும் ஆத்தங்கரையில அடுப்பு மூட்டி, வெறகுல கறி கொதிக்க, கெழவன் கெழவிலேர்ந்து கைக்குழந்தை வரைக்கும் பொழுதுக்கும் உக்காந்திருப்பாங்களே, அத நீ பாக்கணும்னு இருந்துச்சு. இங்கத்த தமிழ் வம்சாவளிக்காரங்கள மலபார்னு சொல்லுவாங்க, அத ஒரு மாதிரி சொல்லுவ நீ. அவங்களுக்கு தமிழே தெரியாது, பேர்ல மட்டும்தான் இருக்குன்னு சொல்லுவ. அவங்க முன்னோருங்க கப்பல் ஏறுனது நம்ம காரைக்கால் துறைமுகத்துலேர்ந்துதான் அண்ணே. அம்மாவுக்கு அது மொத நாளே புரிஞ்சிடுச்சு. எங்க மாமியா முருங்கக்கீரைய ப்ரெத் முருங்குனு சொன்னப்போ அம்மா அவங்க கைய புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா பேச ஒரு பாஷை கெடையாது, நாள் பூரா கீரை ஆஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நீ அப்ப வாசல்ல ஃபோன்ல இருந்த.

சரி. அதுக்காக எழுத வரல.

பிப்ரவரில வராதன்னு நான் எத்தன தடவ சொன்னேன். நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் இங்க மழையும் புயலும், ஆகஸ்ட்ல வான்னேன். ஆகஸ்ட்ல டிக்கெட் டபுள்னு நீ சொன்ன. இத இப்ப சொல்லிக் காட்டறதா நெனைக்காத, ஆனா சொல்லிக் காட்டறேன்தான், ஏன்னா பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வரிய நான் இங்க எழுத மாட்டேன். சின்னம்மா திரும்பிப் பாத்தது இன்னும் என் முதுகுல இருக்கு.

அந்த அஞ்சு நிமிசத்த நானே ஒருவாட்டி சொல்லிடறேன். நீ அடுப்புக்கிட்ட நின்ன, உனக்கு பாதிதான் தெரியும்.

அம்மா அந்த கருப்புப் பாறையில உக்காந்திருந்தாங்க. பொடவைய முட்டி வரைக்கும் தூக்கி சொருகிட்டு, ரெண்டு காலும் தண்ணிக்குள்ள. தண்ணி அவ்வளவு சில்லுனு இருந்துச்சு, அடியில கெடக்குற கூழாங்கல்ல எண்ணலாம் போல தெளிவு. பேர் வெட்டின அந்த எவர்சில்வர் தூக்க ஊர்லேர்ந்து கொண்டாந்திருந்தாங்களே, தயிர் சாதம் காலியானதும் அத கழுவிக்கிட்டிருந்தாங்க. சோப்பு வேணாம்னுட்டாங்க. ஆத்து மண்ண அள்ளி தேய்க்கறாங்க, கருப்பு மண்ணு, அத உள்ளங்கையில வச்சு என்கிட்ட காட்டி, இது நம்மூரு சாம்பலவிட நல்லா தேய்க்குதுடின்னு சொன்னாங்க. நான் சிரிச்சேன். அப்ப ஒரு இல போச்சு. அப்புறம் நாலஞ்சு இல, சின்னச் சின்ன குச்சி. கூழாங்கல்லு தெரியல. தண்ணி சுக்குக்காப்பி நெறத்துக்கு வந்துடுச்சு. மேல வெயிலு, எங்க தல மேல ஒரு சொட்டு மேகம் கெடையாது. அதுக்கப்புறம்தான் அந்த சத்தம், தண்ணிக்கு அடியில கல்லும் கல்லும் முட்டிக்கிற சத்தம், மாடியில யாரோ கட்டில இழுக்கற மாதிரி.

நான் அம்மா இடது கைய புடிச்சு இழுத்தேன். எந்திரிங்கன்னு கூட சொல்லல. அவங்க தூக்க விடமாட்டேன்னு ஒரு செகண்ட் இழுத்துக்கிட்டாங்க, நான் இன்னும் பலமா இழுத்தேன், கால் வழுக்கிடுச்சு, மணிக்கட்டு ரெண்டு கல்லுக்கு நடுவுல. அந்த சத்தத்த எழுத மாட்டேன். தூக்கு உருண்டு போச்சு. வலியில கூட அவங்க அந்த தூக்கு போன பக்கமேதான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

நீ ஓடி வந்து பாத்தப்போ பாறை மேல ஒரு சாண் தண்ணி. ஒரு சாண் தண்ணிக்கா அம்மா கைய ஒடச்சேன்னு கேட்ட. வண்டியிலயும் கேட்ட, ஆஸ்பத்திரி வராண்டாவுலயும் கேட்ட.

ஏன் உனக்கு அப்படி தோணுச்சுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். நம்ம ரெண்டு பேரும் வளந்த ஊர்ல தண்ணி வர்றதுன்னா மேட்டூர் தொறக்கணும், ஜூன் 12 தொறப்பாங்களா மாட்டாங்களான்னு அப்பா பேப்பர் பாப்பாரு, அப்புறம் கல்லணைக்கு வந்துடுச்சாம்னு யாராவது சொல்லுவாங்க, அதுக்கப்புறமும் நாள் கணக்கு ஆகும், கடைசியில நம்ம வாய்க்கால்ல நொரையும் சருகுமா வர்றப்போ நாம கூடவே நடந்து போவோம், ஞாபகம் இருக்கா, தண்ணியோட தலைக்கு முன்னாடி நடந்து போவோம். நீ அந்த கணக்குலயே இருந்த. இங்க அப்படி இல்லண்ணே. 1966 ஜனவரில ஃபோக் ஃபோக்குங்கற எடத்துல ஒரே நாள்ல 1,825 மில்லிமீட்டர் பெஞ்சிருக்கு, நம்ம காரைக்கால்ல ஒரு வருசத்துக்கு பெய்யறதவிட ஜாஸ்தி. 2007ல கமேட் புயலப்போ கொமர்சோன்ல 3 நாள்ல 3,929. ரெண்டுமே உலக ரெக்கார்டு, ரெண்டு எடமும் எரிமலை பக்கத்து ஒசரத்துல, லான்ஜெவான் பொறக்கறதும் அந்த மலையிலதான். அங்க கொட்டறது கீழ வெயில்ல உக்காந்திருக்கறவனுக்கு தெரியாது. நெறம் மாறுனா, குச்சி வந்தா, சத்தம் மாறுனா, கேள்வி கேக்காம எந்திரிச்சு மேல ஏறணும்னு இங்க சின்ன புள்ளைங்களுக்குக் கூட சொல்லி வளக்கறாங்க. எனக்கு அத சொல்லிக் குடுத்தது என் மாமியாதான்.

இன்னொண்ணு. நாம ஆஸ்பத்திரிக்கு போனப்புறம் என் கொழுந்தன் சட்டிய எடுக்க அங்கயே நின்னாரே. தண்ணி அடுப்புக்கல்லு வரைக்கும் ஏறி, நெருப்ப அணச்சிட்டுதான் நின்னுச்சாம். அம்மா உக்காந்திருந்த பாறை கண்ணுக்கே தெரியலையாம். இத உன்கிட்ட இது வரைக்கும் சொன்னதில்ல. அம்மா மாவுக்கட்டோட படுத்திருக்கறப்போ அத சொன்னா நான் ஜெயிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் சொல்ல நேரமே அமையல. நேரம் அமையலன்னு சொல்றது கூட சரியில்ல, நீ கேக்கற மாதிரி இல்ல.

இப்ப இந்த கடுதாசியே எதுக்குன்னு வர்றேன். கைய இழுத்ததுக்கு நான் மன்னிப்பு கேக்கல. மறுபடி அந்த நிமிசம் வந்தாலும் இழுப்பேன். ஆனா அன்னைக்கு காலைல ஆறு மணிக்கு, சட்டியில வெங்காயம் வதங்கிட்டிருக்கறப்போ, ஃபோன்ல பாத்தேன். கன மழைக்கு விஜிலான்ஸ், அதான் வானிலை எச்சரிக்கை, போட்டிருந்தாங்க, மதியத்துக்கு மேல மலைப்பக்கம் இடியோட மழைன்னு. பாத்துட்டு ஃபோன கவுத்து வச்சிட்டேன். பன்னெண்டு பேருக்கு கறி ஆயிடுச்சு, மாமியா வீட்டுல எல்லாரும் விடியறதுக்குள்ள எடம் புடிக்க போயிட்டாங்க, நீ வந்த பத்து நாள்ல மொத தடவையா எங்கயோ எங்களோட வரேன்னு ஒத்துக்கிட்டிருந்த. சீக்கிரமா போயிட்டு ஒரு மணிக்கு முன்னாடி ஆத்த விட்டு ஏறிடலாம்னு மனசுல கணக்கு போட்டேன். ஏழு மணிக்கு கெளம்பணும்னு சொன்னேன், நீங்க ஒம்பதரைக்கு கெளம்புனீங்க. ஆனாலும் அந்த ஒம்பதரைக்கு வேணாம்னு சொல்லியிருக்க வேண்டியது நான். எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லல. வுவால் த லா மரியேவுக்கு போயிருந்தா அம்மா அந்த கையால இன்னும் ஏழு வருசம் கோலம் போட்டிருப்பாங்க, ஒரு கொடம் தண்ணி தூக்கியிருப்பாங்க. அதுக்குத்தான் மன்னிப்பு. உன்கிட்டயும் கேக்கறேன், அம்மாகிட்ட ஃபோன்ல ஒரு தடவ கேட்டேன், அவங்க தூக்கு போச்சேடின்னு மட்டும் சொன்னாங்க.

இப்ப ஆகஸ்ட் கணக்கு சொல்றேன். உங்களுக்கு ரெண்டு மாசம் லீவு, எங்களுக்கு ஆகஸ்ட் நடுவுல ஸ்கூல் தொறந்துடும், அதான் ரெண்டாவது வாரம். ஞாயித்துக்கெழம வேணாம், ஆத்தங்கரையில உக்கார எடம் கெடைக்காது. கெழக்குப் பக்கம் வருசம் பூரா மழை உண்டு, ஆகஸ்ட்லயும் தூறும், அதனாலதான் அருவியெல்லாம் அங்க வத்தறதே இல்ல, ஆனா பிப்ரவரி மாதிரி கொட்டாது. போற வழியில ஆன்ஸ் தே காஸ்காத்துல நிறுத்தலாம், மலையிலேர்ந்து அருவி எறங்கி கடலோரம் வருது, தென்னந்தோப்பு, தாழை மாதிரியே வாக்குவா மரம். அம்மா வண்டியிலேர்ந்து பாத்துட்டு தாழம்பூ வாசனை வருதான்னு கண்ணாடிய எறக்கினாங்க, ஒம்பதரைக்கு கெளம்புனதால அன்னைக்கு நிறுத்தல. உன் பசங்க கடல்ல எறங்கக் கூடாது. 2013லேர்ந்து லகூன, அதான் பவளத்திட்டுக்கு உள்பக்கம் இருக்கற கடல, விட்டு வெளிய, காவல் இல்லாத எடத்துல குளிக்கறதுக்கு தடை, சுறாவால. அதுக்கு கொஞ்சம் முன்னாடியே சேந்த் ரோஸ்ல அந்த சர்ச், 1977ல எரிமலைக் கொழம்பு வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சே, அது பத்து நிமிசம். ரெண்டையும் பாத்துட்டு லாவா ரோடு, சேன் பிலிப், அப்புறம் லான்ஜெவான். நேரா க்ராண்ட் காலேவுக்கு மேல போயிடலாம், ரோடு குறுகல், லேட்டானா எதிர்ல வர்ற வண்டிக்கு ரிவர்ஸ் எடுத்தே பொழுது போயிடும். கால்ல காயம் இருந்தா யாரும் தண்ணியில எறங்க வேணாம், இங்க எலிக்காய்ச்சல் உண்டு. அருவிக்கு நேர் அடியில போய் நிக்கக் கூடாது, கல்லு விழும்.

அந்த அருவி ஒரே தாரையா விழாது அண்ணே. பாறை நெடுக பச்சைப் பாசி, அதுலேர்ந்து எடத்துக்கு எடம் நூல் நூலா கசிஞ்சு எறங்குது, நனைஞ்ச பொடவைய மாடியிலேர்ந்து தொங்க விட்ட மாதிரி. கீழ குளம் பச்சையும் நீலமுமா இருக்கும். அன்னைக்கு அம்மாவுக்கும் அதுக்கும் நடுவுல நாலு வளைவுதான் பாக்கி. சாப்ட்டுட்டு போலாம்னு நான்தான் சொன்னேன்.

காலைல விஜிலான்ஸ நீ பாரு. என் ஃபோன்ல வேணாம், உன் ஃபோன்ல. மஞ்சள்னு ஒரு புள்ளி தெரிஞ்சாலும் போகல, சட்டியோட வீட்டு வாசல்ல உக்காந்து சாப்பிடுவோம், கெளம்பறதா வேணாமாங்கறத நீ சொல்லு.

காரைக்கால் வீட்டுப் பரண்ல, வெங்கலப் பான பக்கத்துல, அந்த தூக்கோட ஜோடி இருக்கு. சின்னது, மூடியில அம்மா பேரு கொஞ்சம் தேஞ்சிருக்கும். நீ இன்னும் நாலு நாள் ஊர்லதான் இருக்க, எடுத்துட்டு வா. பொட்டியில எடம் இல்லன்னா கையில கொண்டா.

அஞ்சு மணிக்கு வண்டி கெளம்பிடும். அண்ணிகிட்டயும் சொல்லிடு.

தங்கச்சி