கை காத்திருக்கட்டும், கால் விரையட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கியர் கார் ஓட்டப் பழகுகிறவர் காதில் முதலில் விழுவது "கிளட்சை மெதுவா விடு" என்ற அறிவுரைதான். நின்ற வண்டியைக் கிளப்புவதற்கு அது சரி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போதும் அப்படியே செய்தால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் தட்டு வீணாகத் தேயும், வண்டியும் குலுங்கும். இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தராமலே பலர் உரிமம் வாங்கிவிடுகிறார்கள். ஓட்டுநர் பயிற்சியிலும் கியர்பாக்ஸ் வேலையிலும் இருப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது? ஒரு சிறிய காரில் இரண்டாம் கியரின் விகிதம் (கியர்பாக்ஸின் வெளித்தண்டு ஒருமுறை சுழல இன்ஜின் சுற்ற வேண்டிய சுற்று) 1.9, மூன்றாவதன் விகிதம் 1.3 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடும்போது மூன்றுக்கு மாற்றினால், அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 1,700 சுற்றில் இருந்தாக வேண்டும். ஆக, 800 சுற்று குறைய வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சுற்று தானாகவே இறங்கத் தொடங்கும். அது 1,700-ஐத் தொடும் நேரத்தில் கிளட்ச் பிடித்தால் மாற்றியதே தெரியாது. அதற்கு முன்பே பிடித்தால் வண்டி முன்னால் உந்தும். கால் தயங்கி, சுற்று 1,000-க்கு விழுந்த பிறகு பிடித்தால் வண்டி பின்னுக்கு இழுக்கும். பயணிகளின் தலை முன்னால் சாயும். மெதுவாக மாற்றினால் வழவழப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் பொய்க்கிறது.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது இடைவெளி இன்னும் பெரிது. முதல் கியரின் விகிதம் 3.5 என்றால், 2,500 சுற்று கிட்டத்தட்ட 1,350-க்கு இறங்க வேண்டும். பழகுபவர்கள் அதிகம் உதறவிடுவது இந்த மாற்றத்தில்தான். முதல் கியரை இழுத்துப் பிடிக்காமல், வண்டி நன்றாக உருளத் தொடங்கியதும் 2,000 சுற்றுக்கு அருகிலேயே இரண்டுக்குப் போய்விட்டால் இடைவெளி சுருங்கிவிடும்.

கால்களின் வேலை இது. ஆக்சிலரேட்டரை விடுவதும் கிளட்சை மிதிப்பதும் ஏறக்குறைய ஒரே நொடியில் நடக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் ஒரு மயிரிழை முந்தட்டும். முந்தாவிட்டால் இன்ஜின் சுமையின்றி அலறும். கிளட்சை ஒரே மிதியில் அடிவரை அழுத்துங்கள். விடும்போது, பிடிக்கும் இடம் வரை சட்டென்று வந்து, அந்த ஒரு விரற்கடை தூரத்தை மட்டும் பதமாகக் கடந்து, மீதியை உடனே விட்டுவிட வேண்டும். பிடித்த மறுகணமே ஆக்சிலரேட்டரை இதமாகக் கொடுக்கலாம். விட்ட கால் பெடலின் மேலேயே தங்கக் கூடாது. லேசாக வைத்த காலின் எடையே கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தேய்க்கப் போதும்.

இப்போது கைக்கு வருவோம். கியர் லீவரை ஓங்கித் தள்ளுவதுதான் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது திறமையின் அடையாளமாகவும் பேசப்படுவது எங்களுக்கு வருத்தம் தருகிறது. உள்ளே நடப்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். முன்னோக்கிச் செல்லும் ஒவ்வொரு கியருக்கும் பக்கத்தில் சிங்க்ரோ எனப்படும் வளையம் இருக்கிறது. பெரும்பாலும் பித்தளையால் ஆனது. லீவரைத் தள்ளும்போது இந்த வளையம் கியரின் கூம்புப் பகுதியில் போய் அழுந்தி, உரசியே இரண்டு பக்கத்தின் சுழற்சியையும் சமமாக்குகிறது. சமமாகும் வரை அதன் பற்கள் வழியை மறித்து நிற்கும். சமமானதும் வளையம் இம்மியளவு திரும்பி வழிவிடும். உள்ளங்கையில் இதைத் தெளிவாக உணரலாம்: நியூட்ரலைத் தாண்டியதும் மெத்தென்று ஒரு தடை, பிறகு தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். அந்தத் தடை தெரியும்போது அழுத்தத்தைக் கூட்டாமல், குறைக்காமல் அப்படியே வைத்திருப்பதுதான் கையின் வேலை. எல்லாமே ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். முரட்டுத்தனமாகக் குத்தினால் வளையத்தின் உரசும் பரப்பு வழித்துப்போகும். பிறகு அந்தக் கியர் ஒவ்வொரு முறையும் கரகரக்கும்.

லீவரை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கார்களில் நியூட்ரலில் விட்ட லீவரை உள்ளிருக்கும் ஸ்பிரிங் மூன்று, நான்குக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் இரண்டிலிருந்து மூன்றுக்கு லீவரை நேராக முன்னால் தள்ளினாலே போதும்; குறுக்கே இழுக்கப் போனால் ஐந்தில் விழும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே மாற்றும்போது மட்டும் இடப்பக்கம் லேசாக அணைத்தபடி நகர்த்த வேண்டும். ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும்போது கை இடப்பக்கம் இழுத்துவிட்டால் இரண்டில் போய் விழும். அந்த வேகத்தில் கிளட்சை விட்டால் இன்ஜின் தாங்கக்கூடிய சுற்றைத் தாண்டிவிடும், வால்வுகள் வளைந்துபோகலாம். மாற்றியதும் கையை ஸ்டியரிங்குக்குத் திருப்புங்கள். லீவரின் மேல் ஓய்வெடுக்கும் கை, உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கைச் சுழலும் பாகத்தின் மேல் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும்.

கீழ்க் கியருக்கு இறங்கும்போது கணக்கு தலைகீழ். மூன்றில் 2,000 சுற்றில் போகும் வண்டிக்கு இரண்டாம் கியர் வேண்டுமென்றால் இன்ஜின் 2,900-க்கு ஏற வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை; கிளட்ச் தட்டே உரசி இன்ஜினை மேலே இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வறண்ட சாலையில் ஒரு குலுக்கலோடு போய்விடும். மழையில் நனைந்த வளைவில், இழுவைச் சக்கரங்கள் நொடிப்பொழுது பிடியை இழந்து வழுக்கவும் கூடும். லீவர் இரண்டில் விழுந்ததும், கிளட்ச் இன்னும் மிதித்திருக்கும்போதே, ஆக்சிலரேட்டரை ஒரு சின்னத் தட்டு தட்டி, சுற்று ஏறிய கையோடு கிளட்சை விடுங்கள். பிரேக் போட்டுக்கொண்டே குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டும் பந்தய ஓட்டிகளின் முறை அன்றாடச் சாலைக்குத் தேவையில்லை. பிரேக்கை முதலில் முடித்துவிட்டு, வேகம் குறைந்த பிறகு கியரை இறக்கினால் போதும்.

சிங்க்ரோ அமைப்பு 1928-ல் கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் ஓட்டியவர்கள் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, சுற்றைச் சரிசெய்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியருக்குப் போனார்கள். சிங்க்ரோ தேய்ந்துபோன பழைய வண்டியை ஓட்ட நேர்ந்தால் அதே முறை இன்றும் கைகொடுக்கும்.

கியர் சரியாக விழவில்லை என்றால் ஓட்டுபவரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அதன் சிங்க்ரோவைச் சந்தேகிக்கலாம். எல்லாக் கியரும் கடினமாக இருந்தால் கிளட்ச் முழுமையாக விலகாமல் இருக்கலாம். நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் கேபிள் தளர்ந்திருக்கலாம். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகை என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அதற்கும் முன்னால், தரை விரிப்பு பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் இரண்டாம் கியர் இறுக்கமாக இருந்தால், குளிர்ந்த கியர் ஆயில் கெட்டியாக இருப்பதுதான் காரணம், சூடேறியதும் சரியாகிவிடும். ஆயில் மாற்றும்போது கையேட்டில் உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். ஜிஎல்-4 வகை ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் சிங்க்ரோவுக்குத் தேவையான உரசல் குறையலாம்; பித்தளைப் பாகங்களும் அரிக்கப்படலாம்.

பயிற்சிப் பள்ளிகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. முதல் நாளே மாணவரைச் சாலைக்குக் கொண்டுபோகாமல், சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் லீவரை மட்டும் பழகவிடுங்கள். கிளட்சை மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை முதலில் சரிசெய்யுங்கள். கண் சாலையைப் பார்க்கும் திசையிலேயே இருக்க, ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏறி, திரும்பவும் இறங்கட்டும். நின்ற வண்டியில் சில சமயம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்று கியர் விழாது. அப்போது நியூட்ரலுக்கு வந்து, வேறொரு கியரில் போட்டு எடுத்துவிட்டு மறுபடி முயலச் சொல்லுங்கள், தள்ளச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளர்களும் கார் மெக்கானிக்குகளும் சிலர்