பாம்பு பிடிக்க வரும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே,

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரியை ஒட்டிய மனைப்பிரிவுகளில் குடியிருக்கும் எங்களுக்கு, மழைக்காலம் வந்தால் உங்கள் போன் நம்பர்தான் தைரியம். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பைக்கில் வந்து நிற்கிறீர்கள். சில வீடுகளில் பெட்ரோல் காசுகூடத் தருவதில்லை, அதுவும் தெரியும். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: பாம்பைக் கையால் தொடுவதை விட்டுவிடுங்கள்.

நல்ல பாம்பைப் பிடிக்க வித்தை எதுவும் வேண்டியதில்லை. துணிப்பையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி இறுக்கிக் கட்டுங்கள். சுவரோரமாகப் படுக்க வைத்து, நீளக் கொக்கியால் பாம்பை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். மிரண்ட பாம்பு தேடுவது ஒரு இருட்டுப் பொந்து. பெரும்பாலும் தானாகவே உள்ளே போய்விடும். பையைக் கட்டும்போதும் நடுவில் கொக்கியை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும், துணி வழியாகவும் கடிக்கும். இதில் பார்க்க ஒன்றுமே இருக்காது. வீடியோ போட்டால் பத்துப் பேர்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, கழுத்தைப் பிடித்துத் தூக்கி, நடுத்தெருவில் படமெடுக்க வைத்து, முத்தமும் கொடுக்கிறார்கள் சிலர்.

இருளர்கள் கையால்தானே பிடிக்கிறார்கள் என்பீர்கள். சரிதான். வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீயே கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக வயல்வரப்பில் தடம் பார்த்துக் கற்ற கை அது. சுற்றி நின்று விசிலடிக்க அங்கே கூட்டமும் கிடையாது.

அப்புறம், பிடித்ததை எங்கே விடுகிறீர்கள்? ஒரு வாரம் பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து, மொத்தமாகக் காட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது பாம்புக்கு உபகாரம் இல்லை. பழகாத இடத்தில் பொந்தும் தெரியாது, இரையும் தெரியாது, அலைந்தே சாகும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அன்றைக்கே, அதே சுற்றுவட்டாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத புதராகப் பார்த்து விடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடித்த பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கேரளத்தில் 2020 முதல் வனத்துறையே பயிற்சி கொடுத்து, சான்றிதழ் உள்ளவர்களை மட்டும் அனுப்புகிறது. அதே ஏற்பாட்டை இங்கேயும் கேளுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

தோட்டத்தில் ஓடுவது சாரை என்றால் பிடிக்கவே வேண்டாம். விஷம் இல்லை, எலிதான் அதற்குச் சாப்பாடு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் ஆட்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

ராத்திரியில் நடமாடும் கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. ஆகவே ராத்திரி அழைப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். கடிபட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே கடி வாங்கியதால் உடம்பு பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த கடியில் ஒவ்வாமையும் சேர்ந்துகொள்ளலாம். ஏற்கெனவே கடிபட்டவர், விஷமுறிவு மருந்து போட்டவர் என்றால், அதை உள்ளே நுழைந்ததுமே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவில் இருக்கும் ஒரு அக்கா