பாலூட்டி: பெயர் வந்த கதை

ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்தில் 'பாலூட்டிகள்' குறிப்பு படித்தேன். பெயர் வந்த கதையையும் சேர்த்திருக்கலாம். உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் முதலில் இவற்றை 'நாலுகால் உயிர்கள்' என்றுதான் வகைப்படுத்தினார்; அப்போது திமிங்கிலம் மீன்களோடு கிடந்தது. 1758-இல் 'மம்மாலியா' என மாற்றினார். லத்தீனில் 'மம்மா' என்றால் முலை. ரோமத்தை வைத்தும் பெயரிட்டிருக்கலாம். ஆனால் மருத்துவரான அவர், பிள்ளைகளைச் செவிலித்தாய்களிடம் பால் குடிக்க அனுப்பும் வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர். அந்தக் கோபமும் பெயரில் ஒட்டிக்கொண்டது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

அப்புறம், ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் என்ற முட்டையிடும் பாலூட்டிக்கு முலைக்காம்பே கிடையாது. தோலில் கசியும் பாலைத்தான் குட்டி குடிக்கும். அதற்கு லத்தீன் பெயரைவிட நம் 'பாலூட்டி'தான் கச்சிதம்.

- ஒரு வாசகர், மதுரை