ஆசிரியருக்குக் கடிதம்: ‘ஈயத் திருகு’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையில், லேத்துகளில் (கடைசல் இயந்திரங்களில்) உள்ள ‘ஈயத் திருகுகள்’ உருக்கி வார்க்கப்பட்டுப் பின்னர் மெருகேற்றப்படுவதாக ஒரு வாக்கியம் இருந்தது. சேலத்தில் 38 ஆண்டுகளாக லேத் ஓட்டிப் பிழைக்கும் நான், இத்தனை காலமும் ஈயத்தைத் தொடாமலேயே காலம் தள்ளிவிட்டேனே என்று வியந்துபோனேன்.

ஆங்கிலத்தில் ஈயத்துக்கும் இந்தத் திருகின் பெயருக்கும் எழுத்து ஒன்றே என்பதும், ஈயம் ‘லெட்’ என்றும் இது ‘லீட்’ என்றும் ஒலிக்கும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. வெட்டும் டூலைத் தாங்கி நகரும் கேரியேஜை லேத்தில் அளவு பிசகாமல் நடத்திச் செல்வது லீட் ஸ்க்ரூ. அதை நாங்கள் இ.என்.8 போன்ற உருக்குக் கம்பியில் கடைகிறோம். அதன் நட்டை கன்மெட்டல் என்னும் வெண்கல வகையில் செய்கிறோம். ஈயத்தில் செய்தால் முதல் வெட்டிலேயே பல் வழித்துக்கொண்டு போய்விடும்.

வார்ப்பு என்று எழுதியதுதான் அதைவிட வருத்தம். லேத்தில் ஒற்றை டூலால் மரை வெட்டலாம். கம்பி மெதுவாகச் சுழல, அதைச் சுற்றி வேகமாகச் சுழலும் வளையத்தில் பொருத்திய வெட்டுப் பற்களாலும் வெட்டலாம். மரை வடிவம் செதுக்கிய கடினமான அச்சுகளான டைகளுக்கிடையே நசுக்கி உருட்டலாம். கடினப்படுத்திய பிறகு கிரைண்டிங் செய்யலாம். உருட்டு முறையில் சீவலே விழாது. பள்ளத்தில் அழுந்திய உலோகம் மேலே எழும்பிப் பல்லாகிறது, பல்லின் மேற்பரப்பும் இறுகிப் பளபளக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடிக்காத உருக்கைக் குளிர்நிலையில் உருட்டும் ஆலையைக் கொண்ட ஊரின் வாசகர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது என்று தங்கள் கட்டுரையாளர் எப்படி முடிவு செய்தாரோ தெரியவில்லை.

இது முதல் முறையும் அன்று. இதே பக்கத்தில் முன்பு பால் ஸ்க்ரூக்களை (மரைக்கும் நட்டுக்கும் இடையே குண்டுகள் உருளும் திருகுகளை) பற்றி எழுதியபோது, 300 மில்லிமீட்டர் நீளத்துக்கு அனுமதிக்கப்படும் பிழை 50 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தீர்கள். அது 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐம்பது பங்கு; உருட்டிச் செய்யும் சி7 தரத்துக்கு உரிய அளவு. சி5 தரத்துக்கு 18 மைக்ரான்தான். அன்றும் கடிதம் எழுதினேன். அந்த வாரம் அதைவிட முக்கியமான கடிதங்கள் வந்திருக்கும் போலும்.

அதற்கும் முன்னர், பட்டறையில் கடையும் திருகுகளுக்கு இனி வேலையில்லை என்று ஒருவர் தீர்ப்பே எழுதினார். அம்மாபேட்டையிலிருந்து ஒரு பழைய லேத்தின் திருகு என்னிடம் வந்தது. அங்குலத்துக்கு நான்கு மரை. குறுகிய வேலைகளெல்லாம் பொருளைக் கவ்விச் சுழற்றும் சக்கின் அருகிலேயே நடப்பதால் அந்தப் பக்கத்துப் பற்கள் மட்டும் கத்தி முனைபோலத் தேய்ந்திருந்தன. அந்த ஒரு தண்டுக்காக உருட்டு டை செய்து தருவார் யார்? ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது எங்கள் தொழிலுக்கும் பொருந்தும்: வெட்டுகிற லேத்தின் திருகில் உள்ள பிழை வெட்டப்படும் திருகிலும் இறங்கும். ஆகவே என் லேத்தின் திருகில் தேயாத பகுதியாகப் பார்த்து, கம்பி வளையாமல் தாங்கும் நகரும் ஸ்டெடி கட்டி, முரட்டு வெட்டை மாலையில் முடித்துக் கம்பியை இரவு முழுவதும் ஆறவிட்டு, கடைசி வெட்டை விடியற்காலையில் எடுத்தேன். ஒரு மீட்டர் உருக்கு பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர் நீளும். சேலத்து மே மாத வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நிற்பவனுக்கு இது புத்தகப் பாடமன்று.

மற்றொரு முறை, கிரைண்டிங் செய்த திருகு என்று வெளியூர் வியாபாரி ஒருவர் முழு விலை வாங்கிக்கொண்டு ஒன்றை அனுப்பினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பல்லின் உச்சி நெடுகிலும் மயிரிழை போல ஒரு மடிப்பு ஓடியது. இரு பக்கத்திலிருந்தும் எழும்பிய உலோகம் சந்தித்த இடம் அது; அதாவது உருட்டிய திருகு. வார்ப்பு என்று படித்து வளர்ந்தவர்கள் இப்படித்தான் ஏமாற வேண்டியிருக்கும்.

கட்டுரையாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. ‘ஈயத் திருகு’ என்பதை ‘லீட் ஸ்க்ரூ’ என்றும், ‘வார்க்கப்பட்டு’ என்பதை ‘கடையப்பட்டு அல்லது உருட்டப்பட்டு’ என்றும் திருத்தி, அதே பக்கத்தில் இரண்டு வரி வெளியிட்டால் போதும். என் பட்டறைக்கு வரும் ஐ.டி.ஐ. டர்னர் பிரிவு மாணவன் அந்தக் கட்டுரையைக் கத்தரித்துத் தன் நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறான். அவனுக்கு அடுத்த மாதம் தேர்வு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சூரமங்கலம், சேலம்.