விதைக்கச் சொல்பவர்கள் கணக்கும் சொல்லட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காணிக்கை கொடுத்தால் தேவன் செல்வத்தைப் பெருகச் செய்வார் என்று போதிக்கும் செழிப்பு உபதேசம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிறிஸ்தவர்கள் பணம் சேர்க்கலாமா என்ற கேள்வியோடு அது நின்றுவிட்டது. தாராளமாகச் சேர்க்கலாம். பைபிளில் வரும் பணக்கார வரி வசூலிப்பவன் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். மீதியையும் கொடு என்று இயேசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் விற்கச் சொன்னது வேறொரு பணக்காரனிடம். ஆளுக்கு ஏற்ற வைத்தியம், அவ்வளவுதான்.

நான் தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையில் காணிக்கை எண்ணும் குழுவிலும் இருக்கிறேன். அதனால் என் கண் போகிற இடம் வேறு: கொடுத்தால் பெருகும் என்று சொல்லி வாங்குகிறார்களே, அந்தப் பணம்.

இதற்கு அதிகம் கைகொடுக்கும் வசனம், அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் வரும் 2 கொரிந்தியர் 9:6. சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான், பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான். 'விதை விசுவாசம்' என்ற பேச்சை அமெரிக்கப் பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸ் பிரபலப்படுத்தினார். இன்று பல மேடைகளில் ஊழியருக்கு அனுப்பும் காணிக்கைதான் விதை. வீடும் பதவி உயர்வும் அறுவடை. பவுல் இதை எழுதியபோது எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். முந்தைய அதிகாரத்தைத் திருப்பினால், கொடிய தரித்திரத்திலும் வாரிக் கொடுத்த மக்கெதோனியா சபைகள் வருகின்றன. அப்புறம் அவர்கள் பணக்காரர்கள் ஆனதாக அவர் எங்கும் எழுதவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அந்த 8 ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய தர்மப்பணத்தைக் கையாளும்போது யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று, தன் உடன் ஊழியரான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களைப் பவுல் அனுப்புகிறார். அதில் ஒருவர் சபைகளே தேர்ந்தெடுத்தவர். கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் இருக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலர் அவர்! 'என் மனசு தேவனுக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தணிக்கைக்காரியான எனக்கு இதைவிட நல்ல பிரசங்கம் கிடைத்ததில்லை.

தாங்கள் பெற்ற நன்மைகளைச் சபையார் மேடையில் சொல்லும் சாட்சி நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கார் வாங்கியவர் மைக் பிடிக்கிறார். விசா கிடைத்தவர் மைக் பிடிக்கிறார். அதே அளவு காணிக்கை கொடுத்துவிட்டு வேலையை இழந்தவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. லாபம் காட்டும் ரசீதுகளை மட்டும் ஒரு நிறுவனம் என்னிடம் நீட்டியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். வேலை போனவருக்கோ, விசுவாசம் போதவில்லை, இன்னும் விதையுங்கள் என்று ஆலோசனை வேறு. கிடைத்தாலும் காணிக்கை, கிடைக்காவிட்டாலும் காணிக்கை.

இப்படிக் கடன் வாங்கிக் காணிக்கை அனுப்பிய ஒரு விதவையை எனக்குத் தெரியும். வட்டியை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவரிடம் உள்ளதற்குத் தக்கபடி கொடுத்தால் போதும், இல்லாததிலிருந்து கொடுக்க வேண்டாம் என்றும் அதே 8 ஆம் அதிகாரம் சொல்கிறது (12 ஆம் வசனம்). அவரிடம் வாங்கியவர்களுக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது போலும்.

பழைய ஏற்பாட்டில் வரும் மல்கியா 3:10 கதையும் இதேதான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்குத்தத்தம் எல்லோருக்கும் மனப்பாடம். ஐந்து வசனம் முன்னால் கூலிக்காரரின் கூலியைப் பிடித்து வைப்பவர்களைக் கர்த்தர் கண்டிக்கிறார். தசமபாகத்தைச் சரியாகக் கட்டிவிட்டு வேலையாட்களுக்குச் சம்பளம் பாக்கி வைக்கும் முதலாளிகள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த வசனத்தை வாசித்துக் காட்டும் போதகர்தான் அபூர்வம்.

தணிக்கை செய்த வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் சபைகள் உண்டு. கணக்குக் கேட்டாலே அவிசுவாசி என்று பட்டம் கட்டும் இடங்களும் உண்டு. அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபர் இரண்டுக்கும் போய்க் கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி